தவழும் வழி

ஏணியின் இரும்புப் படி வெதுவெதுப்பாக இருந்தது.

பதினோரு வருடமாக அவள் குகை வழிகாட்டியாக அந்த ஏணியில் இறங்கிக்கொண்டிருக்கிறாள். மேலே பாறை சுட்டாலும் சரி, மழையில் மலையே விறைத்துப்போய்க் கிடந்தாலும் சரி, குகைக்குள் இறங்கும் இருபத்திரண்டு படிகளில் பத்தைத் தாண்டிவிட்டால் இரும்பு ஒரே குளிர்தான். இன்றைக்குப் பதினாலாவது படியில் கை வைத்தபோது, பேருந்தில் யாரோ இப்போதுதான் எழுந்துபோன இருக்கையில் உட்கார்ந்ததுபோல் இருந்தது. அடுத்த படியும் அப்படியே. அதற்கடுத்ததும். முந்தைய குழு மேலேறிப் போய் ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது.

காய்ச்சல் வரப்போகிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். சுடுவது தன் கையாகத்தான் இருக்கும்.

அப்படி வந்தாலும் ஆச்சரியப்படுவதற்கில்லை. இன்னொரு வழிகாட்டி இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீட்டில் படுத்து ஒன்பது நாள். பள்ளி விடுமுறைக் காலம் வேறு. காலையில் ஒன்று, மதியம் ஒன்று, நாலு மணிக்கு ஒன்று என்று மூன்று நடையும் அவள் தலையில் விழுந்தது. அதே ஏணி, அதே சேறு, அதே சொற்கள். இடது முழங்கால் இரண்டு படிக்கு ஒருமுறை நின்று யோசித்துவிட்டுத்தான் மடங்கியது. காலையில் தேய்த்த வலித் தைலத்தின் வாசனை ஓவராலுக்குள்ளிருந்து கழுத்து வழியாக ஏறி வந்துகொண்டே இருந்தது. நேற்றுக் காலையில்கூட அவள் கணவன் சொல்லிச் சிரித்தான்: "தூக்கத்துல 'தலையைக் குனிங்க, தலையைக் குனிங்க'ங்கறே. கட்டில்ல யாரைக் குனியச் சொல்றே?"

இந்த நடையில் நாலே பேர். ஏழு வயதுப் பெண் குழந்தை, அவளுடைய அப்பா, அம்மா, அம்மாவின் தம்பி. அந்த மாமன்காரன் காலையில் வெளியே, பாறையேற்றம் சொல்லித்தரும் மீசை மாஸ்டரிடம், செங்குத்துப் பாறையில் கயிறு கட்டி ஏறிவிட்டு வந்திருந்தான். ஏணியில் இறங்கும்போதுகூட அந்தப் பெருமையே ஓடிக்கொண்டிருந்தது.

"அறுபது அடிக்கா. மீசை மாஸ்டரே கை தட்டினாரு."

"அவர் எல்லாருக்கும் தட்டுவார் தம்பி," என்றாள் அவள். "காலைப் பார்த்து வைங்க."

குழந்தையின் அம்மா சிரித்தாள். குழந்தை மட்டும் கடைசிப் படியில் நின்று, இரும்பில் கன்னத்தை வைத்துப் பார்த்தது.

"சூடா இருக்கு ஆன்ட்டி."

அவள் தலைகளை எண்ணினாள். நாலு. தன்னோடு ஐந்து. மேலே வாயிலில் இருக்கும் பலகையில் ஐந்து தகர வில்லைகளைத் தன் கையாலேயே மாட்டிவிட்டுத்தான் வந்திருந்தாள். உள்ளே போகிற ஒவ்வொருவருக்கும் ஒரு வில்லை. மதியக் குழுவின் வில்லைகள் எல்லாம் திரும்ப ஆணியிலிருந்து எடுத்தாகிவிட்டது. உள்ளே வேறு யாரும் இல்லை.

ஏணிக்கு அப்பால் பெரிய கூடம். நெற்றி விளக்குகளின் வெளிச்சம் போய்த் தொட முடியாத உயரத்தில் கூரை. அங்கிருந்து தொங்கும் சுண்ணாம்புக் கூம்புகளின் நுனியில் நீர் திரண்டு, நெடுநேரம் தயங்கி, விழும். விழுந்த சத்தம் உடனே அமுங்கிவிடும். சுவரெல்லாம் ஈரக் களிமண் என்பதால் இந்தக் கூடத்தில் எதிரொலி கிடையாது. கத்தினாலும் பஞ்சுமூட்டைக்குள் கத்தியதுபோல் இருக்கும். அவள் வழக்கமான இடத்தில் நின்று, வழக்கமான சுவரில் கையை ஊன்றி, எத்தனையோ ஆயிரம் தடவை சொன்னதைச் சொல்ல ஆரம்பித்தாள். வாய் தானாகப் பேசியது. மனது எங்கோ ஒரு கோப்பைத் தேநீரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"இந்தக் கூடத்தை யாரும் வெட்டலை. தண்ணிதான் குடைஞ்சது. சொட்டுச் சொட்டா, அவசரமே இல்லாம, லட்சக்கணக்கான வருஷமா..."

மூச்சு வாங்கினாள்.

"...எங்க வீட்டுக்காரர் குழாய் ரிப்பேர் பண்ற மாதிரி."

மூவரும் சிரித்தார்கள். மாமன்காரன், "அக்கா, வீட்ல சொல்லிடவா?" என்றான்.

அவள் சிரிக்கவில்லை. அடுத்து அதைத்தான் சொல்ல இருந்தாள். அந்த இடத்தில் எப்போதும் சொல்கிற நகைச்சுவைதான் அது. ஆனால் இன்னும் சொல்லவில்லை. அந்தக் குரல் கூடத்தின் மறுகோடியில், தவழும் வழி தொடங்கும் கரிய துவாரத்தின் பக்கத்திலிருந்து வந்தது. அவளுடைய குரல். வாக்கியத்தின் கடைசியில் களைப்பில் சற்றுச் சரியும் அதே இழுப்பு.

நெற்றி விளக்கு நேராகக் கண்ணில் அடித்தால் எதிரே நிற்பவரின் முகம் தெரியாது. அதனால் பெரியவர்கள் யாரும் கவனிக்கவில்லை. குழந்தை உயரத்திலிருந்து பார்த்தால் தெரியும்.

"ஆன்ட்டி, நீங்க வாயே அசைக்கலையே."

"அசைச்சேன் பாப்பா."

சொல்லிவிட்டு, தனக்கே நிரூபித்துக்கொள்வதுபோல் அந்த வரியை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். எங்க வீட்டுக்காரர் என்று தொடங்கியது. அதற்குமேல் நாக்கு நகரவில்லை. சொற்கள் நினைவில் இருந்தன. தொண்டையில் இல்லை. ஒரு படியைத் தவறவிட்ட காலைப்போல நாக்கு வெறுமையில் போய் இறங்கியது.

திரும்பிவிடலாமா என்று நினைத்தாள். நடையைப் பாதியில் நிறுத்தினால் மேலாளர் காரணம் எழுதச் சொல்வார். என்ன எழுதுவது? காதில் ஏதோ விழுந்தது என்றா? மூன்று நாளாகச் சரியாகத் தூங்கவில்லை. தூக்கம் கெட்டால் இல்லாதது எல்லாம் கேட்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். எட்டு மீட்டர் தவழ்ந்து போனால் கடைசி அறை. அங்கே எல்லா விளக்கையும் ஒரு நிமிடம் அணைத்து, முழு இருட்டு எப்படி இருக்கும் என்று காட்டிவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். நாற்பது நிமிடம். நாற்பதே நிமிடம்.

"நான் முதல்ல போறேன்," என்றாள். "அப்புறம் சார் வாங்க. அடுத்து பாப்பா, மேடம், கடைசில தம்பி. பாதி வழியில இடது பக்கம் சின்னதா ஒரு பொந்து இருக்கும். அதுல கையை விடாதீங்க. நேரா வாங்க."

குப்புறப் படுத்துத் துவாரத்துக்குள் நுழைந்தாள். தவழும் வழியில் தலையைத் தூக்கினால் ஹெல்மெட் உரசும், தாழ்த்தினால் தாடை சேற்றில் படும். முழங்கை, முழங்கால், முழங்கை, முழங்கால். தன் மூச்சே தன் முகத்தில் திரும்பி வந்து படும். அந்தப் பொந்தைக் கடக்கும்போது உள்ளேயிருந்து காற்று வீசவில்லை. ஆனால் வாசனை வந்தது. ஈரமண் வாசனை இல்லை. வலித் தைலம்.

தன்னுடையதுதான், என்று சொல்லிக்கொண்டாள். தன் கழுத்திலிருந்து வரவேண்டிய வாசனை, பக்கவாட்டிலிருந்து வந்தது.

கடைசி அறையில் எழுந்து நின்றாள். சிறிய அறை. ஐந்தாறு பேர் வட்டமாக உட்காரலாம். குழந்தையின் அப்பா முனகிக்கொண்டே வந்து சேர்ந்தார். முழங்காலைத் தட்டிவிட்டுச் சுவரைப் பார்க்கத் திரும்பினார். அடுத்து குழந்தையின் விளக்கு தவழும் வழிக்குள் ஆடி ஆடி வருவது தெரிந்தது. பாதி தூரம் வந்தது.

வெளிச்சம் இடது பக்கம் திரும்பியது. மறைந்தது.

"இடது பக்கம் வா பாப்பா. தலையைக் குனிஞ்சுக்கோ."

குழந்தையின் அப்பா திரும்பாமலே கேட்டார்: "ஏன்க்கா, இடது பக்கம் போகக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நான் சொல்லலை சார்."

"என்னக்கா?"

அவள் குரல் அவ்வளவு மெல்லியதாக இருந்தது. மறுபடி சொல்ல நேரமில்லை. அவரைத் தோளில் அழுத்தி உட்கார வைத்தாள். "இங்கயே இருங்க. யார் சொன்னாலும்..." வாக்கியம் அதற்குமேல் வரவில்லை. கையை வீசிக் காட்டிவிட்டு வந்த வழியே தலையை நுழைத்தாள்.

எதிர்ப்பக்கத்திலிருந்து குழந்தையின் அம்மாவின் குரல் கேட்டது. அவள் இன்னும் துவாரத்துக்கு வெளியேதான் இருந்தாள். "பாப்பா வந்துட்டாளாக்கா?"

"வந்துட்டா, வந்துட்டா," என்றது பொந்து, ஆயாசத்தோடு. "நீங்க மெதுவா வாங்க."

முழங்கை. முழங்கால். முழங்கால் வலி இப்போது தெரியவே இல்லை. பொந்தின் வாயில் இரண்டு சிறிய காலணிகள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. அவள் இரண்டு கணுக்காலையும் பிடித்து இழுத்தாள். கொஞ்சம் வந்தது. பிறகு வரவில்லை. அந்தப் பக்கத்தில் யாரோ குழந்தையின் கைகளைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். முரட்டுப்பிடி இல்லை. பயந்த குழந்தைகளை அவள் எப்படிப் பிடிப்பாளோ அந்தப் பிடி. கணுக்கால் வழியாகவே அவளுக்கு அது தெரிந்தது.

"மெதுவா, பாப்பா, மெதுவா. ஒண்ணும் இல்ல."

இழுத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள்.

அது விட்டுவிட்டது. சட்டென்று. இனித் தேவையில்லை என்பதுபோல.

குழந்தை வழுக்கிக்கொண்டு அவள் நெஞ்சில் வந்து மோதியது. அழவில்லை. முகமெல்லாம் சேறு. விழித்த கண்ணோடு அவளையே பார்த்தது.

"ஆன்ட்டி, நீங்க ரெண்டு பக்கமும் இருக்கீங்க."

அவள் குழந்தையை முன்னால் தள்ளிக்கொண்டே பெரிய கூடத்தை நோக்கித் தவழ்ந்தாள். துவாரத்தில் இரண்டு கைகள் தயாராக இருந்தன. அம்மாவின் கைகள், வளையல் சேற்றில் தோய்ந்த கைகள். குழந்தையை அவற்றிடம் கொடுத்தாள். தலையை மட்டும் வெளியே நீட்டி, மேலே போங்க, உடனே போங்க, நிற்காதீங்க என்று சொல்ல நினைத்தாள்.

"மேலே" என்ற ஒரு சொல் வந்தது. அதுவும் காற்றாக.

"ஏணிக்குப் போகணுமா? சரிக்கா," என்றாள் அம்மா. "இவருக்காகக் காத்திருக்கோம், ஏணிகிட்ட." மாமன்காரன் குழந்தையைத் தூக்கிக்கொண்டான். என்ன ஆயிற்று என்று அவர்களுக்கு இன்னும் புரியவில்லை. சேற்றில் வழுக்கிவிட்டாள், அவ்வளவுதான் என்று நினைத்திருக்க வேண்டும். அவர்கள் விளக்குகள் திரும்பி ஏணியை நோக்கிப் போயின.

அவளும் வெளியே வந்துவிடலாம். தலை ஏற்கெனவே வெளியேதான் இருந்தது. ஒரு உந்து உந்தினால் போதும்.

பின்னால், தூரத்தில், குழந்தையின் அப்பா யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார்.

"சரிக்கா," என்றார். "அணைச்சுட்டேன்."

நாலு மாதத்துக்கு ஒருமுறை பயிற்சி வகுப்பில் சொல்வார்கள், யாரையும் உள்ளே விட்டுவிட்டு வராதே என்று. அவளுக்கு அது நினைவுக்கு வரவில்லை. அந்தக் குழந்தை ஏணியடியில் அப்பாவுக்காக நிற்கும் என்பது மட்டும் நினைவில் நின்றது. நெற்றியைச் சேற்றில் வைத்து ஒரு நொடி படுத்திருந்தாள். அப்படியே தூங்கிவிடலாம் போல் இருந்தது. பிறகு, பின்னோக்கி, மறுபடியும் உள்ளே போனாள். பொந்தைக் கடக்கும்போது கண்ணை மூடிக்கொண்டாள். வாசனை இல்லை. பொந்து காலியாக இருந்தது. காலியாக இருப்பது அதைவிடப் பயமாக இருந்தது.

கடைசி அறையில் திரும்பி விளக்கைத் தூக்கினாள். அவர் அதே இடத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். விளக்கு அணைந்திருந்தது, கண் மூடியிருந்தது, முகத்தில் ஒரு சின்னப் புன்னகை. அவருக்கு எதிரே ஈரக் களிமண்ணில் இன்னொருவர் உட்கார்ந்த பள்ளம். முழங்காலும் முழங்காலும் இடிக்கிற அளவுக்கு நெருக்கத்தில். பள்ளத்தின் ஓரங்களில் நீர் இப்போதுதான் ஊறி நிரம்பிக்கொண்டிருந்தது.

அவரை உலுக்கினாள்.

"ஒரு நிமிஷம் ஆயிடுச்சாக்கா?" கண்ணைத் திறந்து கூச்சத்துடன் சிரித்தார். "நீங்க சொன்னதைக் கேட்டு மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு. வெயிலைப் பார்த்தே ரொம்ப காலமாச்சுன்னீங்களே. இந்த வேலையே வேண்டாம்னு விட்டுட்டு வந்துடுங்கக்கா. யார் கேக்கப் போறாங்க?"

அவள் வாயைத் திறந்தாள். உதடு அசைந்தது. ஒன்றும் வரவில்லை. ஒன்றுமே. அவர் முதுகைப் பிடித்துத் தவழும் வழிக்குள் தள்ளினாள். அவர் சிரித்துக்கொண்டே போனார். அவருடைய காலணி அடிகளைப் பார்த்தபடி அவள் பின்னால் போனாள். ஒரு மீட்டர். இரண்டு. மூன்று. நாலு. பொந்து. ஐந்து.

இடுப்பு வாரின் கொக்கி எதிலோ மாட்டியது.

இழுத்தாள். வரவில்லை. முன்னால் போன காலணிகள் தொலைந்தன. கையைப் பின்னால் கொண்டுபோக இடமில்லை. உடம்பை முறுக்கினாள். ஹெல்மெட் பாறையில் இடித்தது.

விளக்கு போய்விட்டது.

இருட்டு. ஆயிரக்கணக்கான பேருக்குக் காட்டிய இருட்டு. கண் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்றே தெரியாது என்று அவள் எல்லோரிடமும் சொல்வாள். உண்மைதான்.

முன்னால், துவாரத்துக்கு வெளியே, ஒரு குரல்.

"வாங்க சார். கையைக் கொடுங்க. அவ்வளவுதான், முடிஞ்சுது."

"அட, எனக்கு முன்னாடியே வந்துட்டீங்களா? தேங்க்ஸ்க்கா."

வேண்டாம். அவள் கத்தினாள். வாய் கிழியக் கத்தினாள். மூச்சு மட்டும் போனது. பாறையைக் கையால் அடித்தாள். களிமண் அந்தச் சத்தத்தை விழுங்கியது.

பிறகு ஏணி. இரும்பில் காலடிகள். காது மட்டும்தான் மிச்சம் இருந்தது, எண்ணினாள். துள்ளித் துள்ளி ஏறியது குழந்தை. அடுத்து அம்மா. மாமன். கனமாக, அப்பா. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஐந்தாவது. இரண்டு படி ஏறி, ஒரு கணம் நின்று, இரண்டு படி ஏறி, ஒரு கணம் நின்று. இடது முழங்கால் வலிக்கிற ஒருத்தி ஏறும் ஓசை.

வாரை அறுத்துக்கொண்டாளா, அது தானாக விட்டதா என்று தெரியவில்லை. விரலில் இரத்தம் பிசுபிசுத்தது. துவாரத்தில் இருந்து விழுந்தாள். கூடத்தைச் சுவர் தடவிக் கடந்தாள். மேலே மங்கலாகச் சாயங்காலம் தெரிந்தது. ஏணி. ஏறினாள். படிகள் எல்லாம் சூடாக இருந்தன.

கம்பிக் கதவு பூட்டியிருந்தது.

கம்பிகளில் முகத்தைப் பதித்துக்கொண்டாள். பத்தடி தூரத்தில் டிக்கெட் அறை. பக்கத்தில் குடும்பத்தின் வேன். எல்லோரும் தலை முதல் கால் வரை ஒரே சேறு. ஒரே நிறம். யார் யாரென்று உயரத்தை வைத்துத்தான் சொல்ல முடியும். ஆரஞ்சு ஓவரால் போட்ட ஒருத்தி அவளுக்கு முதுகைக் காட்டியபடி பலகையிலிருந்து வில்லைகளை எடுத்துக்கொண்டிருந்தாள். ஒன்று. இரண்டு. மூன்று. நாலு. ஐந்து. பலகை காலியாகிவிட்டது.

ஹெல்மெட்டைக் கழற்றிக் கம்பியில் அடித்தாள். மறுபடி. மறுபடி.

டிக்கெட்காரர் சன்னலை மூடப்போனவர், நிமிர்ந்து பார்த்தார். "என்ன சத்தம் அங்க?"

"ஏணி ஆடுது," என்றது அது. "நாளைக்கு மீசை மாஸ்டரை வச்சு டைட் பண்ணிக்கலாம்."

"எல்லாரும் வந்தாச்சுல்ல?"

"எல்லாரும் வந்தாச்சு."

சன்னல் மூடியது.

குழந்தை மட்டும் கதவைப் பார்த்தபடி நின்றது. இருட்டான கம்பிகளுக்கு நடுவே பதிந்திருந்த முகத்தை நேராகப் பார்த்தது. கையை நீட்டிக் காட்டியது.

"அம்மா, ஆன்ட்டி உள்ள இருக்காங்க."

"ஆன்ட்டி இங்கதானேடி இருக்காங்க. பாரு." அம்மா களைப்பாகச் சிரித்தாள். அதைப் பார்த்து, "நீங்களும் எங்களோட வாங்கக்கா. ரொம்ப அசந்து போயிருக்கீங்க. வழியில வீட்ல இறக்கி விட்டுடறோம்," என்றாள்.

"வரேன்," என்றது அது. "ரொம்ப நன்றிம்மா."

மாமன்காரன் வண்டியைக் கிளப்பினான். முகப்பு விளக்கு பளீரென்று எரிந்து நேராக அதன் முகத்தில் அடித்தது. மற்றவர்கள் எல்லோரும் முகத்தைத் திருப்பிக் கையால் கண்ணை மறைத்துக்கொண்டார்கள். அது மறைக்கவில்லை. சிமிட்டவும் இல்லை. சேற்று முகத்தில் இரண்டு கண்ணும் ஓரம்வரை கறுப்பாக, அகலத் திறந்து, வெளிச்சத்தைக் குடித்துக்கொண்டிருந்தன. பிறகு குனிந்து, குழந்தையின் கன்னத்தில் இருந்த சேற்றைக் கட்டைவிரலால் மெதுவாக, பிரியமாகத் துடைத்துவிட்டது.

அதன் மற்றக் கையில் சிக்கியிருந்த தன் கையைக் குழந்தை உருவிக்கொள்ளப் பார்த்தது. முடியவில்லை.

வேன் கதவு திறந்தது. குழந்தையை முதலில் ஏற்றிவிட்டு, இடது காலைச் சற்றுத் தாங்கித் தாங்கி அது ஏறி, குழந்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது.